மக்காச்சோளத்தின் அடிச்சாம்பல் நோயும் கூட்டுறவுச் சங்கங்களின் கடமையும்

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களின் கரிசல் நிலங்களில் முன்னாளில் சோளம், கம்பு, வரகு, பருத்தி, கடலை முதலியவையே மானாவாரிக் குடியானவர்களின் ஜீவனத்திற்கு ஆதாரமாயிருந்தன. கோழித் தீவனத்திற்கு மக்காச்சோளம் பெருவாரியாக வேண்டப்படலான பின், அப்பயிர் மற்றவற்றைப் பின்தள்ளிப் பரவியது. இன்று தமிழ்நாட்டில் மக்காச்சோளம் மிகுதியாய் விளையும் ஜில்லாக்களில் பெரம்பலூர் முன்வரிசையில் நிற்கிறது. புரட்டாசியில் விதைத்து, வடகிழக்குப் பருவமழையை நம்பி வளர்த்து, தை மாதத்தில் கதிர் ஒடிக்கும் குடும்பங்கள் பல, தங்கள் வருஷக் கணக்கு முழுவதையும் இந்த ஒரு பயிரின்மேல் வைத்திருக்கின்றன. சங்கத்தில் வாங்கிய பயிர்க் கடனும் இதன் கதிரிலிருந்தே திரும்பவேண்டும். ஆகையால் இப்பயிரைக் கெடுக்கும் நோய் எதுவாயினும் அது தனி ஒருவரின் கவலையாக மாத்திரம் நின்றுவிடுவதில்லை, சங்கத்தின் கவலையுமாகிறது.

அத்தகைய நோய்களுள் அடிச்சாம்பல் நோய் ஒன்று. இது புழுவைப்போல் கண்ணுக்குத் தெரிந்து தின்பதன்று. இளம் பயிரில் ஓசையின்றிப் புகுந்து, செடியை உயிரோடு நிற்கவிட்டுக் கதிரை மாத்திரம் இல்லாமற் செய்துவிடும். குடியானவர் அறுவடைக் காலத்தில் நஷ்டத்தைக் காண்கிறார். ஆனால் அந்த நஷ்டம் விதைத்த முதல் மாதத்திலேயே நேர்ந்து முடிந்திருக்கும். இதன் குறிகளையும், பரவும் விதத்தையும், தடுக்கும் வழிகளையும் அங்கத்தினர்கள் நன்கறிந்து நடக்கவேண்டும் என்பதே இப்பாடத்தின் நோக்கம்.

1. நோயின் குறிகள்

விதைத்த பத்து நாட்களுக்குப் பின்பு பயிரைக் கூர்ந்து கவனித்தால், சில செடிகளின் இலைகள் வெளிர் மஞ்சளாக மாறியிருப்பது தெரியும். முதலில் நோய் காணும் இலையில் அடிப்பாகம் மஞ்சளாகவும் நுனிப்பாகம் பச்சையாகவும் இருக்கும். இரண்டிற்கும் நடுவே கோடு கிழித்தாற்போன்ற எல்லை தோன்றும். அதன் பின் வரும் இலைகள் அடிமுதல் நுனிவரை வெளுத்தோ, நீளவாட்டில் மஞ்சட் கோடுகள் ஓடியோ காணப்படும். நோயுற்ற செடியின் இலைகள் குறுகி நிமிர்ந்து நிற்கும். கணுவிடைகள் நீளாமல் செடி குட்டையாகிவிடும். வளர்ந்தபின் உச்சியில் வரும் ஆண் பூங்கொத்து, பூவாக விரியாமல் சிறு சிறு இலைக் கொத்தாக உருமாறுவதும் உண்டு. கதிர் தோன்றாது, தோன்றினும் மணி பிடிக்காது.

இலை வெளுப்பதற்கு வேறு காரணங்களும் உள. துத்தநாகச் சத்துக் குறைந்த நிலத்தில் இளங்குருத்து வெளுப்பதைப் பலரும் கண்டிருப்பர். இரண்டையும் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. பொழுது விடியும் வேளையில், பனி உலருமுன், ஐயத்திற்கிடமான இலையைத் திருப்பி அதன் அடிப்புறத்தைப் பார்க்கவேண்டும். சாம்பல் தூவினாற்போல் வெண்மையான மெல்லிய பூப்புப் படிந்திருந்தால் அது அடிச்சாம்பல் நோயே. சத்துக் குறைவினால் வெளுத்த இலையில் இப்பூப்பு ஒருக்காலும் இராது. நண்பகலில் சென்று பார்ப்பவருக்கு இவ்வடையாளம் அகப்படாமற் போகலாம். ஆகையால் விடியற்காலையே இதற்குத் தக்க சமயம்.

2. நோயின் காரணம்

இந்நோயை உண்டாக்கும் கிருமி பூசணத்தைப்போல் நூல் நூலாக வளர்ந்து வித்துக்களைச் சிந்துவது. பூஸாவிலிருந்த ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய பட்லர் என்னும் தாவரநோய் நிபுணர் 1907-ஆம் ஆண்டிலேயே இந்தியச் சோளப் பயிரில் இதனைக் குறித்து எழுதினார். பின்னர் 1932-இல் வெஸ்டன், உப்பல் என்ற இருவர் இது கம்புப் பயிரைத் தாக்கும் கிருமியினின்றும் வேறானது என்று நிலைநாட்டினர். சோளத்தைத் தாக்கும் இதே கிருமிதான் தமிழ்நாட்டிலும் கருநாடகத்திலும் மக்காச்சோளத்தையும் தாக்குகிறது.

நெடுங்காலம் இது பூசண வகையைச் சேர்ந்ததென்றே கருதப்பட்டு வந்தது. இக்காலத்து ஆராய்ச்சியாளர்களோ இதனைப் பாசிகளுக்கு உறவான வேறோர் இனமென வகுக்கின்றனர். இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. பூசண நோய்களுக்கென்று கடைகளில் சாதாரணமாய்க் கொடுக்கப்படும் கார்பென்டாசிம் என்னும் மருந்து இவ்வினத்தின்மேல் வேலை செய்வதில்லை. "ஏதோ ஒரு பூசண மருந்து தாருங்கள்" என்று கேட்டு வாங்கித் தெளிப்பவர், மருந்தின் விலையையும் கூலியையும் இழப்பதோடு, நோயைத் தடுக்கக்கூடிய நாட்களையும் இழந்துவிடுகிறார். போன பணத்தை ஈட்டிக்கொள்ளலாம். போன நாட்களை மீட்க இயலாது.

3. பரவும் விதம்

இக்கிருமி இரண்டு வழிகளில் பயிரை வந்தடைகிறது. முதலாவது மண். நோயுற்ற சோளச் செடியின் இலைகள் முதிர்ந்து நார் நாராய்க் கிழியும்போது, அவற்றினுள் உண்டான தடித்த தோலையுடைய வித்துக்கள் நிலத்தில் உதிர்ந்து, பல வருஷங்கள் கெடாமல் கிடக்கும். அடுத்து அந்நிலத்தில் சோளமோ மக்காச்சோளமோ முளைக்கும்போது அதன் வேர் வழியே உட்புகும்.

இரண்டாவது காற்று. இலையின் அடிப்புறத்தில் நாம் காணும் வெண்பூப்பே கணக்கற்ற நுண்ணிய வித்துக்களின் கூட்டம். இவை இரவில்தான் உண்டாகின்றன. காற்றில் ஈரம் நிறைந்து, இலை நனைந்து, இராக்குளிர் 20 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும்போது இவை மிகுதியாகத் தோன்றும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழையும் பனியும் மாறி மாறி வரும் இரவுகள் இவற்றிற்கு மிகவும் உகந்தவை. இவ்வித்துக்களின் தோல் மெல்லியது. காலை வெயில் ஏறியதும் உலர்ந்து மடிந்துவிடும். ஆகவே இவை வெகுதூரம் பிரயாணம் செய்வதில்லை. இரவுக் காற்றில் பக்கத்துச் செடிக்கும், அடுத்த வரப்புக்கும், அண்டைக் கொல்லைக்குமே சென்று சேரும்.

அங்கத்தினர்கள் இதனை ஊன்றிக் கவனிக்கவேண்டும். இந்நோய் தூரதேசத்திலிருந்து புயலோடு வருவதன்று. பெரும்பாலும் அண்டை அயலிலிருந்தே வருகிறது. "என் காட்டில் நாலு செடி வெளுத்துப்போனால் உனக்கென்ன?" என்று கேட்பவருக்கு, "அந்த நாலு செடியின் பூப்பு இன்றிரவு என் காட்டில் இறங்கும்" என்பதே தக்க விடை.

இளம்பயிரே இந்நோய்க்கு இரையாகும். விதைத்த முதல் மூன்று நான்கு வாரங்களைத் தாண்டிவிட்ட செடியைக் கிருமி முழுவதும் பற்றுதல் அரிது. இதிலிருந்து இன்னோர் உண்மையும் விளங்கும். ஊரில் சிலர் முன்னும் சிலர் மிகவும் பின்னுமாக விதைத்தால், முன் விதைத்தவர் கொல்லையில் பெருகிய வித்துக்கள் பின் விதைத்தவரின் பிஞ்சுப் பயிரின்மேல் இறங்கும். பிந்திய விதைப்பே அதிகம் சேதமுறும் என்பது பல நாடுகளில் கண்ட அனுபவம்.

4. உருளைக்கிழங்கு கற்பித்த பாடம்

இந்நோய்க் கிருமியின் நெருங்கிய உறவினம் ஒன்று உருளைக்கிழங்கைத் தாக்கிப் பின்பருவக் கருகல் நோயை உண்டாக்குகிறது. நம் ஜில்லாக்களில் உருளைக்கிழங்கு பயிராவதில்லையாயினும், அப்பயிரின் சரித்திரத்தில் நமக்கு வேண்டிய மூன்று படிப்பினைகள் உள்ளன.

அயர்லாந்து தேசத்து ஏழைக் குடியானவர்கள் உருளைக்கிழங்கையே முக்கிய ஆகாரமாகக் கொண்டு, பெரும்பாலும் லம்பர் என்ற ஒரே இனத்தைப் பயிரிட்டு வந்தனர். 1845-ஆம் ஆண்டில் கருகல் நோய் புகுந்தது. அவ்வினத்திற்கு எதிர்ப்புச் சக்தி இல்லாமையால் ஒரு கொல்லை அழிந்த விதமே எல்லாக் கொல்லைகளும் அழிந்தன. தொடர்ந்த பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து லட்சம் மக்கள் மாண்டனர்; அதற்குக் குறையாத தொகையினர் தாய்நாட்டை விட்டுக் கப்பலேறினர். ஒரே இனத்தை நம்பி ஒரு நாடே இருத்தல் ஆபத்து என்பது முதற் படிப்பினை.

இந்தியாவில் இக்கருகல் நோய் 1870-க்கும் 1880-க்கும் இடையே முதன்முதல் காணப்பட்டது நமது நீலகிரியிலேயாம். அதனை எதிர்க்கும் இனங்கள் பிற்காலத்தில் உருவாக்கப்பட்டன. 1968-இல் வெளியிடப்பட்ட குப்ரி ஜோதி அவற்றுள் பெயர்பெற்றது. தொடக்கத்தில் நோயை எதிர்த்து நின்ற அவ்வினம், கிருமி புதிய வடிவங்களை எடுத்தபின் எதிர்ப்பை இழந்தது. எதிர்ப்புச் சக்தி நிரந்தரச் சொத்தன்று என்பது இரண்டாம் படிப்பினை.

மூன்றாவது, மருந்தைப் பற்றியது. பிரான்ஸ் தேசத்தில், வழிப்போக்கர் திராட்சையைப் பறியாதிருக்கும் பொருட்டுச் சாலையோரக் கொடிகளின்மேல் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்திருந்தனர். அக்கொடிகளில் மாத்திரம் அடிச்சாம்பல் நோய் இல்லாததை 1882-இல் மில்லார்டே என்னும் பேராசிரியர் கண்டு, ஆராய்ந்து, 1885-இல் போர்டோக் கலவையை வெளிப்படுத்தினார். நெடுங்காலம் அதுவே கருகலுக்கும் காவலாயிருந்தது. 1970-களின் பிற்பகுதியில், செடியின் உள்ளே ஊடுருவிச் சென்று காக்கும் மெட்டலாக்ஸில் என்ற மருந்து வந்தது. அதன் வல்லமையைக் கண்டு அதனைத் தனியே இடைவிடாது தெளித்தனர். 1980-ஆம் ஆண்டிலேயே அயர்லாந்திலும் ஹாலந்திலும் அம்மருந்துக்கு அடங்காத கருகற் கிருமி தோன்றிவிட்டது. நமது மக்காச்சோளத்தைத் தாக்கும் அடிச்சாம்பற் கிருமியிலும் அவ்வாறே, அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணத்துச் சோளக் கொல்லைகளில், 2000-ஆம் ஆண்டை அடுத்த வருஷங்களில், மெட்டலாக்ஸிலுக்கு அடங்காத வகை வெளிப்பட்டது. ஒரே மருந்தைச் சார்ந்து நிற்பவர், அம்மருந்தைத் தாமே மழுங்கச் செய்கிறார்.

ஆதலால் இனம், மருந்து, கைவேலை ஆகிய மூன்றும் சேர்ந்தே காவல் செய்யவேண்டும். இவற்றை முறையே கூறுவோம்.

5. எதிர்ப்புச் சக்தியுள்ள இனங்கள்

கோயம்புத்தூரும் கருநாடகத்து மாண்டியாவும் இந்நோய் இயல்பாகவே மிகுந்த இடங்களாதலால், அகில இந்திய மக்காச்சோள ஆராய்ச்சித் திட்டத்தில் புதிய இனங்களின் எதிர்ப்புச் சக்தி அவ்விடங்களில் சோதிக்கப்படுகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகம் இந்நோயைத் தாங்கும் இனங்களாகக் கோ 1 ரகத்தையும், கோ.எச். 1, கோ.எச். 2 ஒட்டு ரகங்களையும் சிபார்சு செய்துள்ளது. பின்னர் 2012-இல் வெளிவந்த கோ.எச்.(எம்) 6 என்ற ஒட்டு ரகமும் அடிச்சாம்பல் உள்ளிட்ட பல நோய்களைத் தாங்க வல்லது.

கம்பெனி விதை வாங்குவோர், "மகசூல் எத்தனை மூட்டை?" என்று கேட்பதோடு நில்லாமல், "அடிச்சாம்பலைத் தாங்குமா?" என்றும் கேட்டறிதல் வேண்டும். ஊர் முழுவதும் ஒரே ரகத்தை விதையாமல் இரண்டு மூன்று நல்ல ரகங்களைப் பிரித்து விதைப்பது, அயர்லாந்து கற்பித்த பாடத்தைக் கைக்கொள்வதாகும். ஒட்டு ரகத்தில் விளைந்த மணியை மறு வருஷத்திற்கு விதையாக வைத்துக்கொள்ளுதல் கூடாது. அதன் குணங்கள் மறுதலைமுறையில் சிதறிப்போம்.

6. விதை நேர்த்தி

முளைக்கும் நாள்முதல் பயிரைக் காப்பது விதை நேர்த்தியே. ஒரு கிலோ விதைக்கு 6 கிராம் மெட்டலாக்ஸில் தூள் என்பது பல்கலைக் கழகத்தின் அளவு. ஏக்கருக்கு 8 கிலோ விதை வேண்டுமாதலால் 48 கிராம் மருந்து போதும். மருந்தைச் சிறிதளவு நீரில் குழைத்து, விதையின்மேல் சீராகப் படியும்படி புரட்டி, நிழலில் உலர்த்தி விதைக்கவேண்டும்.

கடையில் வாங்கும் ஒட்டு விதை பெரும்பாலும் சாயமேற்றி வருகிறது. சாயம் கண்டவுடன் இந்நோய்க்கு மருந்திடப்பட்டதென்று எண்ணிவிடலாகாது. எந்த மருந்து கலந்துள்ளது என்பதைப் பையின்மேல் அச்சிட்ட சீட்டில் படித்துப் பார்க்கவேண்டும். மெட்டலாக்ஸில் ஏற்கெனவே சேர்ந்திருந்தால் மீண்டும் கலப்பது வீண். சேராதிருந்தால் கலப்பது அவசியம். மருந்திட்ட விதையில் மீந்ததைக் கோழிக்கோ மாட்டிற்கோ இடுவதும், வீட்டில் உணவுப் பொருள்களோடு வைப்பதும் பெரும் அபாயம்.

7. நோயுற்ற செடிகளைக் களைதல்

இவ்வேலைக்குக் காசு செலவில்லை. ஆயினும் பலரும் தவறவிடுவது இதனையே. விதைத்த பத்தாம் நாள்முதல் முப்பதாம் நாள்வரை நான்கு நாட்களுக்கொருமுறை விடியற்காலையில் கொல்லையைச் சுற்றி, வெண்பூப்புக் கண்ட செடிகளுக்கு அடையாளம் வைத்து, வெயில் ஏறி இலை உலர்ந்த பின் வேரோடு பிடுங்கிக் குழியிலிட்டு மூடவேண்டும். பிடுங்கியவற்றை வரப்பில் எறிவதும், தீவனத்திற்கென்று கட்டிப் பிறர் கொல்லை வழியே சுமந்து செல்வதும் தகா.

பச்சையாய் நிற்கும் செடியைப் பிடுங்கக் குடியானவரின் மனம் கூசுவது இயல்பு. "பிழைத்தாலும் பிழைக்கும்" என்று விட்டுவைப்பர். முழுவதும் நோயுற்ற செடி பிழைப்பதில்லை. அது உரத்தையும் ஈரத்தையும் உண்டு, கதிர் தராமல், இரவுதோறும் அயலாருக்கு நோயை வழங்கிக்கொண்டு நிற்கும். வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டரும் செடிக்குச் செடி 25 சென்டிமீட்டருமாக நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 27,000 செடிகள் நிற்கும். கணக்கிற்காகக் கதிர் ஒன்றில் 100 கிராம் மணி என்று கொண்டால், பத்தில் ஒரு செடி நோயுற்ற கொல்லையில் 270 கிலோ மணி குறையும். முதல் வாரத்தில் நூறு செடியைப் பிடுங்கியவருக்கு நஷ்டம் 10 கிலோ. எது மேல் என்பதை அங்கத்தினர்களே தீர்மானிக்கலாம்.

8. மருந்து தெளித்தல்

விதைத்த இருபதாம் நாள் அளவில் நோய்க்குறி தென்பட்டால், மெட்டலாக்ஸிலும் மான்கோசெபும் சேர்ந்த கலவை மருந்தை ஏக்கருக்கு 400 கிராம் வீதம் 200 லிட்டர் நீரில் கரைத்துத் தெளிக்கலாம். பத்து லிட்டர் தெளிப்பானுக்கு இது 20 கிராமாகும். மான்கோசெப் இலையின் மேற்புறத்தில் போர்வைபோல் நின்று காக்கும். மெட்டலாக்ஸில் உட்சென்று காக்கும். இரண்டும் சேர்ந்திருப்பதால் கிருமி ஒன்றுக்குத் தப்பினாலும் மற்றதில் அகப்படும். மெட்டலாக்ஸிலைத் தனியே தெளிக்கலாகாது என்பதன் காரணமும் இதுவே. ஏற்கெனவே குட்டையாகி வெளுத்த செடியை எந்த மருந்தும் மீட்காது. மருந்து நலமுள்ள செடிகளுக்கே காவல். ஆகவே முதலில் களைதல், பின்னர் தெளித்தல் என்பதே முறை.

தெளிப்பவர் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, காற்றுக்கு எதிர்முகமாய் நில்லாமல், மழை இல்லாத வேளையில் தெளிக்கவேண்டும். தெளிப்பானை ஏரியிலோ கிணற்றடியிலோ கழுவலாகாது.

9. சங்கம் செய்யத்தக்கவை

மேற்கூறிய யாவும் ஒருவர் மாத்திரம் செய்தால் பாதிப் பயனும் எய்தாது. நல்ல ரகத்தை விதைத்து, விதை நேர்த்தியும் செய்து, நோயுற்ற செடிகளையும் களைந்த ஒருவரின் கொல்லைக்கு மேற்காற்று வரும் திசையில் கவனிப்பாரற்ற கொல்லை ஒன்று இருக்குமானால், அவர் உழைப்பை இரவுக் காற்றே கெடுத்துவிடும். ஆகையால் சங்கங்கள் கீழ்க்கண்டவற்றைக் கூடி நடத்துதல் நலம்.

முதலாவது, புரட்டாசிக்கு முன்பே கூட்டம் கூட்டி, மழையின் வரவுக்கேற்ப ஊர் முழுவதும் சில நாட்களுக்குள் விதைத்து முடிக்க ஏற்பாடு செய்தல்.

இரண்டாவது, எதிர்ப்புச் சக்தியுள்ள விதையையும் மருந்தையும் ஒருங்கே வருவித்து, விதை நேர்த்தியைச் சங்கக் கட்டடத்திலேயே அளவறிந்த ஒருவரின் மேற்பார்வையில் செய்துகொடுத்தல். 48 கிராம் மருந்துக்காகப் பெரிய பொட்டலம் வாங்கி மீதியை வீணாக்கும் செலவு இதனால் குறையும்.

மூன்றாவது, பத்தாம் நாள்முதல் விடியற்காலைச் சோதனைக்கு முறைவைத்து அங்கத்தினர்களை அனுப்புதல். கூலிக்கு ஆள் இல்லாத விதவைகள், முதியோர் ஆகியோரின் கொல்லைகளிலும், வெளியூர் சென்றிருப்போரின் கொல்லைகளிலும் அவரவர் சம்மதம் பெற்று மற்றவர் இறங்கிச் செடி களைதல். இது தர்மம் மாத்திரமன்று. தம் பயிரைத் தாமே காத்துக்கொள்வதுமாகும்.

நான்காவது, சோளத்தை அடுத்து மக்காச்சோளமும், மக்காச்சோளத்தை அடுத்துச் சோளமும் ஒரே நிலத்தில் விதையாமல், பருத்தி, கடலை, பயறு வகைகளை இடையில் மாற்றிப் பயிரிடும்படி அங்கத்தினர்களுக்கு எடுத்துரைத்தல்.

ஐயங்களைத் தீர்த்துக்கொள்ளப் பெரம்பலூர் ஜில்லாவினர் வாலிகண்டபுரத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும், அரியலூர் ஜில்லாவினர் சோழமாதேவியிலுள்ள நிலையத்தையும், நோயுற்ற செடி ஒன்றுடன் சென்று கேட்டறியலாம்.

நம் மாகாணத்தில் 1904-ஆம் ஆண்டில் திரூரில் முதல் கடன் சங்கம் ஏற்பட்டபோது, தனியொருவரால் தீர்க்கவியலாத கடன் தொல்லையைக் கூடித் தீர்ப்பதே அதன் கருத்தாயிருந்தது. அடிச்சாம்பல் நோயும் அத்தன்மையதே. வரப்பு, நிலத்தைப் பிரிக்கும், காற்றைப் பிரிக்காது. வரப்புக்கு அப்பாலுள்ள பயிரையும் தம்முடையதாக எண்ணிப் பார்க்கும் கிராமத்தில் இந்நோய் தலையெடுக்க வழியில்லை.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்கவேண்டிய வினாக்கள்

(1) சென்ற பட்டத்தில் நமது கிராமத்தில் முதல் விதைப்புக்கும் கடைசி விதைப்புக்கும் எத்தனை நாள் இடைவெளி இருந்தது? அதனைக் குறைக்க இயலுமா?

(2) நாம் வாங்கும் விதைப் பையின் சீட்டில் என்ன மருந்தின் பெயர் அச்சிடப்பட்டுள்ளது?

(3) சத்துக் குறைவினால் வெளுத்த இலையையும் நோயினால் வெளுத்த இலையையும் எவ்வாறு பிரித்தறிவது?

(4) கவனிப்பாரற்ற கொல்லைகள் நமது எல்லையில் எவை? அவற்றில் செடி களையும் பொறுப்பை எவர் ஏற்பது?

(5) ஊர் முழுவதும் ஒரே ரகத்தை விதைப்பதால் நேரக்கூடிய தீங்கு யாது?